டவுன் சென்டரா, பசுமை வளையமா? ஸ்டாக்போர்ட்டை வைத்து ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக: நீங்கள் வசிக்கும் இங்கிலாந்து ஊரில் கவுன்சில் புது லோக்கல் பிளான் (எங்கே, எவ்வளவு கட்டலாம் என்று சொல்லும் ஊர்த் திட்டம்) வரைவை வெளியிட்டிருக்கிறது. டவுன் சென்டரில் அடுக்குமாடிகள் கட்டுவதோடு, ஊர் எல்லையில் கிரீன் பெல்ட்டாக, அதாவது பசுமை வளையமாக இருக்கும் வயல்களில் சிலவற்றையும் வீடுகளுக்கு எடுக்கப் போவதாக அதில் இருக்கிறது. "கடைத்தெருவில் வரிசையாகக் கடைகள் பூட்டிக் கிடக்கும்போது வயலில் ஏன் கை வைக்க வேண்டும்? இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெருமளவு முடியும் என்பதுதான் என் பதில். இங்குள்ள கவுன்சில்களின் பிளானிங் பிரிவுகளில் நான் பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் பசுமை வளையம் பறிபோவது பெரும்பாலும் பேராசையால் அல்ல. நடு ஊரில் செய்ய வேண்டிய வேலையை யாரும் நேரத்தோடு செய்யாமல் விட்டதால்தான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணம். பசுமை வளையம் என்றதும் காடு, ஏரி, பூங்கா என்று மனதில் வரும். உண்மையில் அது ஊர் கண்டபடி பரவாமல் தடுக்க வரைபடத்தில் போட்ட வேலி. இங்கிலாந்தின் மொத்த நிலத்தில் ஏறத்தாழ 12.5 சதவீதம், அதாவது 16 லட்சம் ஹெக்டேருக்கு மேல், இந்த வேலிக்குள் வருகிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு விவசாய நிலம். பல இடங்களில் நீங்கள் நடக்கக்கூட உரிமை கிடையாது. குதிரை மேய்க்கும் புல்வெளி, கோல்ஃப் மைதானம், பழைய குவாரி, பெட்ரோல் பங்க் எல்லாம் அதற்குள் உண்டு. அரிய பறவைக்கும் பழைய காட்டுக்கும் பாதுகாப்பு தருவது வேறு சட்டங்கள்.

1930களில் லண்டனின் புறநகர்கள் ரயில் பாதைகளை ஒட்டி மைல் மைலாக நீண்டுகொண்டே போயின. அந்தப் பயத்தில் 1938-ல் லண்டனுக்கென ஒரு பசுமை வளையச் சட்டம் வந்தது. 1947-ன் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் கவுன்சில்களுக்குக் கொடுத்தது. 1955-ல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் அனுப்பிய சுற்றறிக்கைக்குப் பிறகுதான் மற்ற நகரங்களைச் சுற்றியும் வளையங்கள் வந்தன.

இன்று தேசியக் கொள்கை இதற்கு ஐந்து நோக்கங்களைச் சொல்கிறது. பெரிய நகரம் கட்டுப்பாடில்லாமல் பரவக் கூடாது, பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒட்டிவிடக் கூடாது, கிராமப்புறம் அரிக்கப்படக் கூடாது, பழம்பெரும் ஊர்களின் சூழல் கெடக் கூடாது. இந்த நான்கும் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவதை மட்டும் கூட்டங்களில் யாரும் பேசுவதில்லை: கைவிடப்பட்ட நகர்ப்புற நிலத்தை மறுபடி பயன்படுத்த வைத்து, நகரம் புத்துயிர் பெற உதவுவது. 1980களில் சேர்ந்த நோக்கம் இது. உங்கள் கேள்விக்கான பதில் இதில்தான் இருக்கிறது. டவுன் சென்டரைப் புதுப்பிப்பதும் பசுமை வளையமும் எதிரெதிர்க் கட்சிகள் அல்ல. வெளியே மடையை அடைத்தால் தண்ணீர் உள்ளே பாயும் என்பது கணக்கு.

ஆனால் உள்ளே வாய்க்கால் தூர்ந்து கிடந்தால்? தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு போகும். இல்லையென்றால் வளையத்தைத் தாண்டி இன்னும் தூரத்தில் போய்த் தேங்கும். தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேலைக்கு வரும் குடும்பங்கள் அப்படித்தான் உருவாகின்றன.

இதை நேரில் பார்க்க நான் எல்லோரையும் போகச் சொல்லும் ஊர், மான்செஸ்டருக்குத் தெற்கே உள்ள ஸ்டாக்போர்ட். ஒரு காலத்தில் தொப்பித் தொழிலுக்கும் பருத்தி ஆலைகளுக்கும் பேர் போன ஊர். கோய்ட், டேம் என்ற இரண்டு ஆறுகள் அங்கேதான் கூடி மெர்சி நதியாகின்றன. பிறந்த இடத்திலேயே அந்த நதியின் மேல் தளம் போட்டு மூடி, அதன் மேல் 1965-ல் மெர்சிவே ஷாப்பிங் சென்டரைத் திறந்தார்கள். அப்போது அது பெருமை. 1998-ல் மான்செஸ்டரின் மறுபக்கத்தில் மோட்டார்வேயை ஒட்டி டிராஃபோர்ட் சென்டர் திறந்ததும் காரில் போகிறவர்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அப்புறம் நாடு முழுவதும் நடந்தது அங்கேயும் நடந்தது. வுல்வொர்த்ஸ், பிஎச்எஸ், டெபன்ஹம்ஸ் என்று ஒவ்வொரு பெரிய கடையாக மூடிக்கொண்டு வந்தார்கள்.

அதே ஸ்டாக்போர்ட் பரோவின் (அந்தக் கவுன்சிலின் முழு எல்லை) நிலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி பசுமை வளையம். கிழக்கே மார்பிள் பக்கம் போனால் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகளின் அடிவாரம் தொடங்கிவிடும். ஆக, நீங்கள் கேட்ட கேள்வி அங்கே முழு உருவத்தில் நிற்கிறது: நடுவில் சோர்ந்துபோன கடைத்தெரு, ஓரத்தில் பில்டர்கள் கண் வைத்த அழகான வயல்கள்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, சந்தைக்காகக் காத்திருக்காமல் இறங்கியது. 2016-ல் மெர்சிவேயை கவுன்சிலே வாங்கியது. 2019-ல், மான்செஸ்டரும் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்த கிரேட்டர் மான்செஸ்டரின் மேயருடைய அதிகாரத்தின் கீழ், டவுன் சென்டரின் மேற்குப் பகுதிக்கு என்று தனியாக ஒரு மேம்பாட்டுக் கழகம் அமைத்தார்கள். ஒரு டவுன் சென்டருக்காகவே இப்படி ஒரு கழகம் அமைந்தது நாட்டில் அதுதான் முதல் முறை. சுமார் 130 ஏக்கர், 4,000 வீடுகள் வரை இலக்கு. பழைய ஆலைகள், பட்டறைகள், வெறும் கார் பார்க்குகள் என்று ஆளுக்கொரு துண்டாகச் சிதறிக் கிடந்த நிலம் அது. அதை ஒன்று சேர்ப்பதுதான் பாதி வேலை. தனியார் பில்டர் ஒருவர் இருபது சொந்தக்காரர்களிடம் பேரம் பேசி முடிப்பதற்குள், ஊருக்கு வெளியே ஒரே விவசாயியிடம் ஒரே கையெழுத்தில் நாற்பது ஏக்கர் வாங்கிவிடுவார். அவர் வயலைத் தேடிப் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்.

2024 மார்ச்சில் அங்கே புதிய பஸ் நிலையம் திறந்தார்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கீழே பஸ்கள் வளைந்து வந்து நிற்கின்றன. அவற்றின் கூரை மேல் இரண்டு ஏக்கரில் ஒரு பூங்கா: புல், இளம் மரங்கள், பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள். நிமிர்ந்தால் 1840-ல் கட்டி முடித்த ரயில் மேம்பாலம், ஒரு கோடிக்கு மேல் செங்கற்கள் சேர்ந்த அந்த வளைவுகள், தலைக்கு மேல் லண்டன் ரயில் போகிறது. ஒரு பக்கம் 196 ஃபிளாட்டுகள் கொண்ட கட்டடம். பாலத்தின் அடியில் பழைய வீர் மில் ஆலையில் 253 வீடுகள். பூங்காவிலிருந்து ரயில் நிலையத்துக்கு நடந்து போகப் பாலம், நதிக்கரைக்கு இறங்கச் சுழல் பாதை. அந்த இடத்தில் குடியிருப்பவர் கார் இல்லாமல் மான்செஸ்டரில் வேலைக்குப் போய் வரலாம். ஊர் ஓர வயலில் கட்டும் வீட்டுக்கு இரண்டு கார் வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். வழக்கமான புறநகர் வீடுகளை ஹெக்டேருக்கு 35 என்ற அளவில் கட்டினால் 1,800 வீடுகளுக்குச் சுமார் 51 ஹெக்டேர் வேண்டும். ரயில் நிலையம் பக்கத்தில் ஹெக்டேருக்கு 150 என்று கட்டினால் 12 ஹெக்டேர் போதும். இந்த வித்தியாசம்தான் வயலைக் காப்பாற்றுகிறது. ஓரத்தில் நின்று பதாகை பிடிப்பதைவிட, நடு ஊரில் ஒரு கார் பார்க்கை வீடாக்கச் சம்மதிப்பது பசுமை வளையத்துக்கு அதிக நன்மை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி ஸ்டாக்போர்ட் கதையின் மறுபாதி. கிரேட்டர் மான்செஸ்டரின் பத்து கவுன்சில்களும் சேர்ந்து ஒரே திட்டம் போட முயன்றன. 2016-ல் வந்த முதல் வரைவு பசுமை வளையத்தில் பெரிய பங்கை எடுக்கச் சொன்னதும் எதிர்ப்பு வெடித்தது. 2017-ல் மேயரான ஆண்டி பர்னம் அதைத் திருத்தி எழுத வைத்தார். 2019-ன் புதிய வரைவில் இழப்பு பாதியாகக் குறைந்தது. அதையும் ஏற்காமல் 2020 டிசம்பரில் ஸ்டாக்போர்ட் கவுன்சிலர்கள் கூட்டுத் திட்டத்திலிருந்து விலக வாக்களித்தார்கள். மீதி ஒன்பது கவுன்சில்களும் தொடர்ந்து வேலை செய்து, 2024 மார்ச்சில் தங்கள் திட்டத்தை நிறைவேற்றிவிட்டன.

விலகியபோது ஊரில் பலர் வயல்கள் தப்பின என்று மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் விலகியதும் ஸ்டாக்போர்ட்டுக்கு மிஞ்சியது 2011-ல் போட்ட பழைய திட்டம்தான். இந்த நாட்டில் திட்டம் பழையதாகிவிட்டால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு வேண்டிய வீட்டு மனைகள் கைவசம் இருப்பதாகக் கவுன்சிலால் காட்ட முடியாவிட்டால், தராசு பில்டர் பக்கம் சாய்ந்துவிடும். கவுன்சில் மறுத்தாலும் மேல்முறையீட்டில் அனுமதி கிடைக்க வாய்ப்பு கூடும். 2024 டிசம்பரில் அரசு தேசியக் கொள்கையை மாற்றியபோது ஸ்டாக்போர்ட்டின் ஆண்டுத் தேவை சுமார் 1,100 வீடுகளிலிருந்து சுமார் 1,800 ஆக ஏறியது. டவுன் சென்டரில் எவ்வளவு நல்ல வேலை நடந்தாலும், பரோ முழுவதற்கும் நடப்பில் உள்ள திட்டம் இல்லாவிட்டால் எந்த வயலில் விண்ணப்பம் வரும் என்பதைப் பில்டரே தீர்மானிக்கிறார்.

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ். அந்த மாவட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு பசுமை வளையம். யாருக்கும் கை வைக்க மனம் வரவில்லை, அதனால் 1994-ல் போட்ட திட்டத்தோடே பல பத்தாண்டுகள் ஓட்டினார்கள். 2021 ஜூனில், பக்கத்து வெல்வின் ஹாட்ஃபீல்டு எல்லையில் இருக்கும் கோல்னி ஹீத் கிராமத்தில், பசுமை வளைய நிலத்தில் 100 வீடுகளுக்கு, மேல்முறையீட்டை விசாரித்த அரசின் பிளானிங் இன்ஸ்பெக்டர் அனுமதி கொடுத்தார். வீட்டுப் பற்றாக்குறை அவ்வளவு கடுமையானது என்பதுதான் முக்கியக் காரணம். அந்த நிலத்தை எந்தத் திட்டமும் தேர்ந்தெடுக்கவில்லை, ஊர் மக்களும் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரு சென்ட் கூடத் தரமாட்டோம் என்று இருந்துவிட்டால், எதைத் தருவது என்று சொல்லும் உரிமையும் போய்விடுகிறது.

சரி, அப்படியானால் எல்லா வீடுகளையும் டவுன் சென்டரிலேயே கட்டிவிட்டால் போதாதா? போதாது. இதைச் சொல்ல எனக்கே வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் ஒரு கவுன்சிலுக்காக ஒரு சர்ச் ஹாலில் வரைவுத் திட்டத்தை மக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தோம். நீள மேஜைகளில் வரைபடங்கள், விருப்பம் சொல்ல வண்ண ஸ்டிக்கர்கள். ஒரு பெரியவர் வந்து தன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயலில் சிவப்பு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டிவிட்டு, "முதலில் டவுனில் கட்டுங்கள்" என்றார். அவருக்குப் பின்னால் தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தார். டவுனில் நான்காவது மாடியில், இரண்டு அறை ஃபிளாட்டில், மூன்று குழந்தைகளோடு இருப்பதாகச் சொன்னார். பெரியவர் சொன்னதை அவரும் மறுக்கவில்லை. "ஆனால் எனக்கு வேண்டிய வீடு இந்தப் படத்தில் எங்கே இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். நான் படத்தைப் பார்த்தேன். டவுன் சென்டரில் நாங்கள் காட்டியிருந்தவை கிட்டத்தட்ட எல்லாமே ஒன்று, இரண்டு அறை ஃபிளாட்டுகள். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் வீட்டு எண்ணிக்கைக்கு முன்னால் எத்தனை அறை வீடு என்றுதான் பார்க்கிறேன்.

இன்னொரு சிக்கல் பணம். பழைய ஆலை நிலத்தைத் தோண்டினால் எண்ணெய்க் கசிவு, ஆஸ்பெஸ்டாஸ், மறந்துபோன தொட்டிகள் வரும். சுத்தம் செய்யும் செலவு அதிகம், வட இங்கிலாந்தின் பல ஊர்களில் ஃபிளாட் விலை குறைவு. உடனே பில்டர் கட்டுப்படியாகவில்லை என்று அறிக்கை கொடுப்பார். முதலில் வெட்டுப்படுவது குறைந்த வாடகை வீடுகள்தான். கிராமப்புறப் பாதுகாப்பு அமைப்பான சிபிஆர்இ, கவுன்சில்களின் பிரவுன்ஃபீல்டு பதிவேடுகளைக் கூட்டிப் பார்த்து 12 லட்சம் வீடுகளுக்கு மேல் இடம் இருப்பதாக 2022-ல் கணக்குச் சொன்னது. பிரவுன்ஃபீல்டு என்றால் முன்பு கட்டடமோ தொழிலோ இருந்து இப்போது சும்மா கிடக்கும் மனை. அந்தக் கணக்கு முக்கியமானது, நான் மதிக்கிறேன். ஆனால் பதிவேட்டில் இருக்கும் மனை எல்லாம் நாளைக்கே வீடாகாது. அரசுப் பணம் போட்டுச் சுத்தம் செய்தால் ஆகும். ஸ்டாக்போர்ட்டில் ஆனது அதனால்தான்.

அவசரத்தில் செய்தால் வரும் கேட்டையும் சொல்லிவிடுகிறேன். 2013-லிருந்து அலுவலகக் கட்டடங்களை முழு பிளானிங் அனுமதி இல்லாமலே வீடாக்கலாம் என்று விட்டார்கள். 2021 ஆகஸ்டிலிருந்து கடைகளுக்கும் அது வந்தது. ஹார்லோவில் டெர்மினஸ் ஹவுஸ் என்ற 14 மாடி அலுவலகத்தை அப்படி மாற்றியபோது, சில ஃபிளாட்டுகள் 20 சதுர மீட்டர் கூட இல்லை. ஒருவர் வசிக்கும் வீட்டுக்கே தேசிய அளவுகோல் 37 சதுர மீட்டர். மற்ற ஊர்களின் வீடற்ற குடும்பங்களைக் குழந்தைகளோடு அங்கே கொண்டுவந்து தங்க வைத்தார்கள். 2021 ஏப்ரலுக்குப் பிறகுதான் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கும் அந்த அளவுகோல் கட்டாயமானது. பசுமை வளையத்தைக் காப்பாற்றும் பேரில் ஏழைகளை இப்படி அடைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அதனால் என் நிலைப்பாடு இது. டவுன் சென்டரில் கவுன்சிலே இறங்கி நிலம் சேர்த்து முதலில் கட்டட்டும். தேவையில் பெரும்பகுதி அங்கேயே, ரயில் நிலையங்களைச் சுற்றி, நல்ல அடர்த்தியில் வரட்டும். அதற்குப் பிறகும் குடும்ப வீடுகளுக்கும் குறைந்த வாடகை வீடுகளுக்கும் இடம் போதாவிட்டால், பசுமை வளையத்தில் சிறிய பகுதியை, நடந்து போகும் தூரத்தில் ரயில் நிலையமும் பள்ளியும் உள்ள இடமாகப் பார்த்து, நாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாம். தேசியக் கொள்கையும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது. எல்லையை மாற்றும் முன் பிரவுன்ஃபீல்டை முடிந்தவரை பயன்படுத்தினாயா, டவுன் சென்டரில் அடர்த்தியைக் கூட்டினாயா, பக்கத்துக் கவுன்சில்களிடம் பேசினாயா என்று கேட்கிறது.

2024 டிசம்பரில் வந்த 'கிரே பெல்ட்' என்ற சொல்லையும் வரைவில் பார்த்திருப்பீர்கள். பசுமை வளையத்துக்குள் ஏற்கெனவே கட்டடம் இருந்த நிலம், அல்லது நகரப் பரவலைத் தடுப்பது, ஊர்களைப் பிரித்து வைப்பது, பழம்பெரும் ஊரின் சூழலைக் காப்பது என்ற மூன்று நோக்கங்களுக்கும் வலுவாக உதவாத நிலம். இந்த மூன்றில் ஐந்தாவது நோக்கம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது எனக்குக் கவலை தருகிறது. ஆனால் கூடவே ஒரு நல்ல நிபந்தனையும் வந்திருக்கிறது: பசுமை வளையத்தில் பெரிய குடியிருப்பு கட்டினால், வழக்கமாகக் கேட்பதைவிடக் கட்டுப்படியான விலை வீடுகள் 15 சதவீதப் புள்ளிகள் கூடுதலாக, 50 சதவீதம் வரை தர வேண்டும். மக்கள் நடந்து போகப் பசுமை இடமும் பள்ளி, சாலை வசதிகளும் தர வேண்டும். இதைப் பில்டரிடம் விட்டுக்கொடுக்காமல் வாங்க முடிந்த கவுன்சில்தான் வயலைக் கொடுக்கத் தகுதியுள்ள கவுன்சில்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. கருத்துக் கடிதத்தில் "வயலைத் தொடாதே" என்று மட்டும் எழுதினால் அது எண்ணிக்கையில் ஒன்றாகச் சேரும், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக கவுன்சில் இணையதளத்தில் பிரவுன்ஃபீல்டு பதிவேட்டை எடுங்கள். 2017-லிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் அதை வைத்திருக்க வேண்டும். டவுன் சென்டரை ஒரு சனிக்கிழமை காலை சுற்றி வாருங்கள். சும்மா கிடக்கும் கார் பார்க், பூட்டிய பெரிய கடை, கடைகளின் மேல் காலியாக இருக்கும் மாடி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் பதிவேட்டில் இல்லாதவற்றைப் பெயரும் தெருவும் போட்டு எழுதுங்கள். கவுன்சில் ஹெக்டேருக்கு எத்தனை வீடு என்று கணக்கிட்டிருக்கிறது, எத்தனை அறை வீடுகள், டவுன் சென்டர் மனைகளுக்கு முன் வயலைத் திறக்கக் கூடாது என்று கட்டம் கட்டமாக வரிசை போட்டிருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆரம்ப வரைவிலேயே இதைச் செய்துவிடுங்கள். இறுதி வரைவு வந்தபின் அதைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் முக்கியமாகக் கேட்பது அந்தத் திட்டம் ஆதாரத்தோடு, நடைமுறைக்கு ஒத்து, தேசியக் கொள்கைக்கு இசைவாக இருக்கிறதா என்பதைத்தான். புது மனையைச் சேர்க்கச் சொல்ல அப்போது நேரம் கடந்துவிடும். உங்கள் ஊரில் வந்திருப்பது எந்தக் கட்ட வரைவு என்பதை முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு, கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.